மூணாவது வாரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் பக்கத்தில் வந்து நின்றான். 26 வயது. பெங்களூரில், மாரத்தஹள்ளியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறான். மாதம் ஒருமுறை கே.ஆர்.புரத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அவன் அத்தை வைக்கும் மட்டன் குழம்புக்காகத்தான் வருகிறான் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, நீங்க முன்னாடி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுட்டு இருந்தீங்கல்ல, அதுல ஏதாவது மீதி இருக்கா?" என்று கேட்டான். ஆண்மைக்கான ஹார்மோன் அது. ஊசி இல்லை என்றால் பழைய மருந்துச் சீட்டையாவது கொடுங்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றான். ஜிம்மில் கூட இருக்கும் பையன்கள் எல்லோரும் 'சைக்கிள்' போடுகிறார்களாம், அதாவது உடம்பை ஏற்றச் சில வாரம் இந்த ஊசியைப் போட்டுவிட்டு நிறுத்துவது. நான், "அதெல்லாம் உனக்கு எதுக்குடா, வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு டவலில் கையைத் துடைத்தபடி ஹாலுக்கு வந்துவிட்டேன். அவன் காபிகூடக் குடிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் குடும்பத்தில் இந்த மருந்தை உடம்புக்குள் வாங்கி, அது மனசை என்ன செய்யும் என்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அவன் கேட்டதும் என்னிடம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னை ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் கூட்டிப்போய், வெளியே காத்திருந்து கூட்டிவந்தவன் அவன். அப்படிப்பட்டவனுக்கு நான் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். வெட்கம்தான் காரணம். டெஸ்டோஸ்டிரோன் என்ற வார்த்தையை எடுத்தாலே எதிரில் இருப்பவர் நம் இடுப்புக்குக் கீழே பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 46 வயதில் ஆரம்பித்தது. முதலில் அலுப்பு. காலையில் எழும்போதே யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஆபீசில் மத்தியானம் மூன்று மணிக்கு எக்செல் ஷீட் முன்னால் கண் சொருகும். ஆசை என்பது அடியோடு போய்விட்டது. அது போனதைப் பற்றிக் கவலைகூட வரவில்லை, அதுதான் விசித்திரம். எதிலும் பிடிப்பு இல்லாமல், மகள் பள்ளியில் பரிசு வாங்கிய அன்றைக்கு "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். சர்க்கரை ஏற்கெனவே இருந்தது, எடை 94 கிலோ. டாக்டர் தைராய்டு, பி12, வைட்டமின் டி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் டெஸ்டோஸ்டிரோன் எழுதினார். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும் என்பதால், வெறும் வயிற்றில் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு தடவை குறைவு என்று வந்ததும் நம்பிவிடாமல், மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவையும் எடுக்கச் சொன்னார். 212, பிறகு 198. டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்பது பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைச் சோதித்து, எம்.ஆர்.ஐ. பார்த்து, கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஊசி எழுதினார். அந்த அளவில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே ஒரு டெஸ்ட் எடுத்து, அன்றைக்கே ஊசி போட்டு அனுப்பும் இடங்களைப் பற்றிக் கேள்விப்படும்போது, எனக்கு வாய்த்தது நல்ல ஆரம்பம் என்றுதான் தோன்றுகிறது. அந்த ஆறு நிமிடச் சந்திப்பில் என் மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டெஸ்டோஸ்டிரோன் ஈனாந்தேட், 250 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. இரண்டாவது ஊசி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானே மீன் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாதாரண விஷயம்தான். ஆனால் இரண்டு வருடமாக அப்படி ஒரு நினைப்பே எனக்கு எழவில்லை. அன்றைக்கு மீன்காரரிடம் பேரம் பேசியது, திரும்பி வரும் வழியில் மகளுக்குச் சோளம் வாங்கியது எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மருந்து வேலை செய்தது. இதை நான் மறைக்க மாட்டேன். என் அக்கா மகனிடம் பேசும்போதும் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது ஒன்றுக்கும் உதவாத விஷம் என்று சொன்னால் அவன் நம்ப மாட்டான், அவன் நம்பாமல் இருப்பதும் சரிதான்.

அடுக்களைக் கதவில் மாட்டிய காலண்டர்

ஒன்பது மாதம் இப்படி ஓடியது. நான் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்டோபரில் ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, அடுக்களையில் என் மனைவி குடியாத்தத்தில் இருக்கும் அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல. "இல்லம்மா, அந்த வாரம் வேணாம். அவருக்கு அது மூணாவது வாரம். புதன்கிழமை ஊசி போடுவாரு. போட்ட உடனேயும் வேணாம், ரெண்டு மூணு நாளைக்கு வேற மாதிரி இருப்பாரு. அடுத்த திங்கக்கிழமை வா, அப்ப நல்லா இருப்பாரு." அவள் குரலில் புகார் இல்லை, அழுகை இல்லை. சாயங்காலம் மழை வரும், துணியை உள்ளே காயப்போடு என்று சொல்கிற அதே குரல். எனக்குக் கையில் இருந்த சொம்பு கனத்தது.

அவள் பேசி முடிக்கும் வரை இருட்டில் நின்றேன். பிறகு உள்ளே போய், "மூணாவது வாரம்னா என்ன?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, கதவில் மாட்டியிருந்த நகைக்கடைக் காலண்டரைக் காட்டினாள். கேஸ் சிலிண்டர் வந்த தேதி, தண்ணீர் டேங்கர் வந்த தேதி, பால்காரர் வராத நாள் எல்லாம் அவள் அதில்தான் குறிப்பாள். நான் அதை ஒரு நாளும் படித்ததில்லை. அதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 'ஊ' என்று ஓர் எழுத்து இருந்தது. அதை அடுத்த மூன்று நாட்களில் சின்னச் சின்னப் புள்ளி. பதினைந்தாம் நாளிலிருந்து மறுபடியும் புள்ளி, இருபதாம் நாள் நெருங்க நெருங்கப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போகிறது. நடுவில் புள்ளி இல்லாத வாரத்தில் 'ஃபீஸ் கேட்கணும்', 'கம்மல் விஷயம்', 'பாப்பா டூர்' என்று எழுதியிருந்தது. ஜனவரி வரைக்கும் பின்னால் புரட்டினேன். முதல் இரண்டு மாதம் வெறும் 'ஊ' மட்டும். மார்ச் மாதத்தில் புள்ளி ஆரம்பிக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு, வீட்டில் பணம் கேட்பது, விருந்தாளி வருவது, மகள் மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்குவது என எல்லாமே அந்த நடு வாரத்துக்கு நகர்ந்துவிட்டது.

எனக்கு உடனே வந்தது கோபம்தான். "என்னைப் பைத்தியக்காரன் மாதிரி கணக்குப் போட்டு வெச்சிருக்கியா?" என்று கத்தினேன். மகள் அறையில் விளக்கு எரிந்தது. அவள் மெதுவாக, "கணக்கு போடலன்னா நாங்க எப்படிங்க இருக்கிறது?" என்றாள். அப்புறம் காலண்டரில் அன்றைய தேதியைத் தொட்டுக் காட்டினாள். அது பதினேழாம் நாள்.

அந்த இரவு நான் தூங்கவில்லை. புள்ளி வைத்த நாட்களில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஊசி போட்ட இரண்டாம் மூன்றாம் நாட்களில் நான் உற்சாகமாக இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அதே நாட்களில்தான் டின் ஃபேக்டரி சிக்னலில் காரை நிறுத்தி இறங்கிப்போய் ஒரு ஆட்டோக்காரரின் சட்டையைப் பிடித்திருக்கிறேன். கடன் போட்டு ஒரு பெரிய டிவி வாங்கியிருக்கிறேன். ஆபீசில் என் மேலாளரிடம் நான் பேசிய பேச்சை அப்போது நேர்மை என்று நினைத்தேன். மூன்றாவது வாரத்தில் எதற்கும் எரிச்சல், யாரோடும் பேசாமல் இருப்பது, பிறகு ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட வெடிப்பது. இரண்டு நிலைமையிலும் எனக்கு நான் நானாகத்தான் இருந்தேன். கோபப்பட்ட ஒவ்வொரு முறையும் கோபத்துக்கு ஒரு நியாயமான காரணம் என்னிடம் இருந்தது. ஆட்டோக்காரர் இடித்தது உண்மை, மேலாளர் தப்பாகச் சொன்னதும் உண்மை. தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வரைக்கும் என் நியாயங்கள் எல்லாம் 21 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. வெளியே நின்று பார்த்தவளுக்குத்தான் தெரிந்தது. அதையும் ஏழு மாதம் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

அந்தக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் இரண்டு பேரும் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போனோம். அவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் முதலில் என் மனைவியிடம், "நீங்க சொல்லுங்க" என்றார். ஒன்பது மாதத்தில் ஒரு டாக்டர் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் பேசப் பேச, அவர் காலண்டரைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஊசி போட்ட மூன்றாம் நாள் ஒரு ரத்தம், 21-ஆம் நாள் ஒரு ரத்தம் எடுக்கச் சொன்னார். முதல் அளவு 1,240. இரண்டாவது 186. எண்ணெயில் கலந்த இந்த ஊசி தசையிலிருந்து மெதுவாகக் கரைந்து ரத்தத்துக்கு வரும், முதல் சில நாட்களில் இயல்புக்கு மேலே ஏறி, மூன்றாவது வாரத்தில் பழைய பள்ளத்துக்கே போய்விடும், சிலருக்கு மனசும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்று விளக்கினார். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை, மருத்துவப் புத்தகங்களில் எழுதியிருப்பதுதான் என்றும் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் வலித்தது. முதல் ஊசி போட்ட அன்றைக்கு யாராவது என் மனைவியைக் கூப்பிட்டு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

வழிகள் இருந்தன. டோஸைக் குறைத்து அடிக்கடி போடலாம். பத்து முதல் பதினாலு வாரத்துக்கு ஒருமுறை போடும் 1,000 மில்லிகிராம் ஊசி இருக்கிறது. தினமும் தோளில் தடவும் ஜெல் இருக்கிறது. நான் ஜெல்லுக்கு மாறினேன். குளித்துவிட்டுத் தோளில் தடவி, காய்ந்த பிறகு சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தோலை வீட்டுப் பெண்களோ குழந்தைகளோ தொட்டால் மருந்து அவர்கள் உடம்புக்குப் போய்விடும் என்பதால், பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் மகளிடம் காலை நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவைத்தோம். இரண்டு மாதத்தில் காலண்டரில் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தன. அதன் பிறகு மருந்தின் அளவு ஒரே சீராக இருந்தது.

எவ்வளவு தூக்கிவிடும்

ஆனாலும் நான் சந்தோஷமாக இல்லை. இது எனக்குப் புதிராக இருந்தது. அளவு 520 என்று அழகாக வருகிறது. ஆசை திரும்பியிருக்கிறது, அலுப்பு பாதி போயிருக்கிறது. ஆனால் விடியற்காலை மூன்றரைக்கு முழிப்பு வந்து, மார்பின் மேல் கல் வைத்த மாதிரி படுத்துக் கிடப்பது மட்டும் போகவில்லை. டோஸை ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த டாக்டர் மறுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்களைப் பிறகு நானே தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட, அளவு குறைந்த 790 ஆண்களில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் ஜெல்லும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஜெல்லும் கொடுத்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. ஆசை மிதமாகக் கூடியது. மனநிலை கொஞ்சம் தேறியது, சோர்வு மனநிலையின் அறிகுறிகள் கொஞ்சம் குறைந்தன. எதிர்பார்த்த அந்தப் பெரிய சுறுசுறுப்பு வரவில்லை. 2019-இல் 27 ஆய்வுகளை, மொத்தம் 1,890 ஆண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில் மன அழுத்த அறிகுறிகள் போலி மருந்தைவிட ஓரளவு கூடுதலாகவே குறைந்திருந்தன. 'கொஞ்சம்', 'ஓரளவு' என்ற இந்த வார்த்தைகளை என் உடம்பு ஏற்கெனவே சொல்லிவிட்டது. மீன் வாங்கப் போகிற அளவுக்கு மருந்து என்னைத் தூக்கிவிட்டது. அதற்கு மேல் தூக்கவில்லை.

அதிக டோஸ் போட்டால் அதிக சந்தோஷம் வரும் என்ற கணக்கும் ஒத்துவரவில்லை. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரத்துக்கு 600 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்தார்கள். எனக்கு மூன்று வாரத்துக்குக் கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல், ஒரே வாரத்தில். 50 பேரில் 42 பேருக்கு மனதளவில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஆறு பேருக்கு லேசாக, இரண்டு பேருக்குக் கடுமையாக, தலைகால் புரியாத எழுச்சியும் ஆவேசமும் வந்தன. இதைப் படித்தபோது எனக்கு அந்த 42 பேரைவிட அந்த இரண்டு பேர்தான் கண்ணில் நின்றார்கள். ஊசி போட்டால் வெறி பிடிக்கும் என்று பயமுறுத்துவதும் பொய்தான். எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்றை நம்புவதுதான்.

நம் ஊரில் லாட்ஜில் முகாம் போட்டுச் சிட்டுக்குருவி லேகியம் விற்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்த ஆசை எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. 1889-இல் பாரிஸில் பிரௌன்-செக்கார்ட் என்ற பெயர்பெற்ற உடலியல் அறிஞர், 72 வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, உடம்பும் மூளையும் இளமையாகிவிட்டன என்று அறிவித்தார். தண்ணீரில் எடுத்த அந்தச் சாற்றில் வேலை செய்கிற அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஹார்மோனைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்ததே 1935-இல்தான். ஆனால் அவருக்கு நன்றாக இருந்ததாக அவர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. நன்றாகிவிடுவோம் என்ற எண்ணத்துக்கே அவ்வளவு பலம் உண்டு. எனக்கு முதல் மாதம் தெரிந்த வெளிச்சத்தில் அந்த எண்ணத்தின் பங்கும் இருந்திருக்கும்.

டாக்டர் டோஸை ஏற்றாமல் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, நான் குறட்டை விடுவதைப் பற்றி மனைவியிடம் கேட்டுவிட்டுத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. வெறும் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்ததில் அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியதாக 2011-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நான் எத்தனை வருடம் அரைத்தூக்கம் தூங்கினேனோ. இந்த மருந்தே மூச்சுத் தடையை அதிகப்படுத்தக்கூடும் என்பதால் முகத்தில் மாட்டும் மெஷின் வந்தது. இன்னொன்று, ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்.

அப்பாவின் திண்ணை

அந்தத் தாளை மன அழுத்தத்தை அளக்க எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறார்கள். எதிலும் ஆர்வம் இல்லையா, தூக்கம் கெட்டிருக்கிறதா என்று போகும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு வருகிறதா என்பது. பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'சில நாட்கள்' என்பதில் டிக் போட்டேன். மொத்தம் 14 வந்தது. ஹார்மோன் அளவு 520 இருக்கும்போதே 14. அந்தத் தாளைப் படித்துவிட்டு அவர் என்னிடம், "உங்க அப்பா எப்ப இறந்தாங்க?" என்று கேட்டார். நான் அப்பாவைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. என் மனைவி சொல்லியிருந்திருக்கிறாள்.

நான் பிறந்தது கோலார் தங்க வயலில், மாரிக்குப்பத்தில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அவருக்கு அப்போது 53 வயது. அதற்குப் பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்தார், இருபது வருடம் அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. நாங்கள் விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வருவோம், ராத்திரி திரும்பும்போதும் அங்கேயே இருப்பார். சின்ன விஷயத்துக்குக் கத்துவார். "அவருக்குக் கோபம் ஜாஸ்தி" என்று அம்மா சொல்வார்கள், தெருவும் சொல்லும். எங்கள் தெருவில் அந்த வருடங்களில் எல்லா அப்பாக்களுக்கும் கோபம் ஜாஸ்தி. 2021 மே மாதம் அவர் இறந்தபோது எனக்குக் கொரோனா. போக முடியவில்லை. போனில் வீடியோவில்தான் பார்த்தேன். அதன் பிறகு யாரிடமும் அதைப் பேசவில்லை. என் அலுப்பு எப்போது ஆரம்பித்தது என்று அந்த அறையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஹார்மோன் குறைந்தது உண்மை, அது ரத்தத்தில் இருந்தது. அதோடு இதுவும் இருந்தது. இரண்டுக்கும் வெளியில் தெரிந்த முகம் ஒன்றுதான், எரிச்சல். ஆண்களுக்கு மன அழுத்தம் அழுகையாக வராமல் கோபமாக வருவது உண்டு என்று மனநல மருத்துவர் சொன்னபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அப்பாவை யாரும் எந்த டாக்டரிடமும் கூட்டிப்போகவில்லை. நான் உட்பட.

ஒன்றரை வருடம் சிகிச்சை எடுத்தேன், மாத்திரையும் பேச்சும். மூன்றரை மணி முழிப்பு போய்விட்டது. இதைப் படிக்கிற யாராவது அந்த ஒன்பதாவது கேள்வியில் டிக் போடுகிற நிலைமையில் இருந்தால், 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழைக் கேட்டு வாங்கலாம்.

ஜெல் இன்னும் போடுகிறேன். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும், எனக்கு ஒருமுறை 51 வரை போயிற்று. 5,200-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2023-இல் வந்த பெரிய ஆய்வில் மாரடைப்பு கூடவில்லை என்றாலும், இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் கொஞ்சம் அதிகமாக வந்திருக்கின்றன. அதனால் என்னைக் கண்காணிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். எனக்குக் குறைபாடு இருக்கிறது, எனக்கு இது தேவை.

அவனுக்கு இது தேவையில்லை. அதை இப்படிச் சொல்லியிருப்பேன். டேய், நம்ம அபார்ட்மென்ட் மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காலையில் எழுந்து தொட்டியை எட்டிப் பார்த்து, குறைந்திருந்தால் போர்வெல் மோட்டாரைப் போடுவது வாட்ச்மேன் வேலை. நீ தினமும் வெளியிலிருந்து டேங்கர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினால் அவர் மோட்டார் பக்கமே போக மாட்டார். உன் மூளையிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறார். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் அவர் சும்மா இருந்துவிடுவார். விதை சுருங்கும், விந்தணு உற்பத்தி நிற்கும். இந்த ஊசியை வாரம் 200 மில்லிகிராம் போட்டு ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது, 271 பேருக்கு, 1990-இல் வெளியான ஆய்வு. அப்புறம் ஒரு நாள் டேங்கர் நின்றுவிடும். காசு தீரும், அல்லது கொடுக்கிற ஆள் ஊரை விட்டுப் போவான். அன்றைக்கு மோட்டார் துருப்பிடித்துக் கிடக்கும். அது திரும்ப ஓடும் வரைக்கும் எனக்கு வந்த மூணாவது வாரம் மாதிரி உனக்கு மாதக்கணக்கில் இருக்கும். அதைக் காலண்டரில் குறித்துவைக்க உன் அறையில் யார் இருக்கிறார்கள்?

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, எழுதியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அவனிடமே பேசிவிடலாம் என்று நேற்றுச் சாயங்காலம் போன் போட்டேன். அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் கதையை, காலண்டரை, ஒன்பதாவது கேள்வியை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். இருபது நிமிடம் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பின்னால் சிக்னலில் வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாமா," என்றான். "நிறுத்தினா எத்தனை மாசம் அப்படி இருக்கும்?"

போன மாதம் அவன் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்ததும், சட்டைக் காலருக்குக் கீழே கழுத்தெல்லாம் பருவாக இருந்ததும், "இவன் இப்பல்லாம் எடுத்தெறிஞ்சு பேசுறான்டா" என்று அக்கா தீபாவளியின்போது சொன்னதும் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன. அவன் மீதி இருக்கிறதா என்று கேட்டது ஆரம்பிப்பதற்காக இல்லை.

"எப்ப நிறுத்தின?" என்று கேட்டேன்.

"கொடுக்கிற அண்ணன் ஜிம்மை விட்டுப் போயிட்டாரு. அஞ்சு வாரம் ஆகுது. தூக்கமே வரல மாமா."

அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லோரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றான். போனை வைக்காமல் பேசிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் கார் சாவியைக் கேட்டேன். அவள் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் படியிறங்கினாள்.